சத்தம் எங்கேயிருந்து வருகிறது? பழைய வாகனமும் கியர்பெட்டியும்



பதினைந்து, இருபது வருடம் ஓடிய வாகனத்தில் புதிதாக ஒரு சத்தம் கேட்கத் தொடங்கினால் எங்கள் ஆட்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். சிலர் வானொலியைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டுத் தொடர்ந்து ஓடுகிறார்கள். (எங்கள் வானொலி என்றால் பாதிக் குற்றம் மன்னிக்கப்படும்.) மற்றவர்கள் கண்ணில் பட்ட முதல் கராஜில் கொண்டுபோய் விட்டு, "ட்ரான்ஸ்மிஷன் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். கியர்பெட்டியைப் புதுப்பிக்க மூவாயிரம், நாலாயிரம் டொலர் சாதாரணமாகப் போகும். பழைய வானின் விலையே அவ்வளவு வராது. கணவன் பகல் வேலைக்கும் மனைவி இரவு வேலைக்கும் அதே ஒரு வாகனத்தில் போகிற வீட்டுக்கு அது சின்ன விஷயமில்லை.

என் அனுபவத்தில், கியர்பெட்டிச் சத்தம் என்று சொல்லி வருகிறவற்றில் பல அதற்கு வெளியேதான் பிறக்கின்றன. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு ஒரு கராஜில் கியர்பெட்டி முழுவதையும் மாற்றச் சொன்னார்கள். கடைசியில் பழுதாக இருந்தது முன்சில்லின் பெயாரிங். சில நூறு டொலரோடு வேலை முடிந்தது. ஆகவே வாகனத்தைக் கொடுக்கும் முன் நாங்களே காது கொடுத்துக் கேட்கப் பழக வேண்டும்.

இது எங்களுக்குப் புதிய வித்தையும் இல்லை. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ-40உம் கொஞ்சப் பெற்றோலில் ஸ்ராட் எடுத்து, மண்ணெண்ணெயில் ஓடியது பலருக்கு நினைவிருக்கும். அவற்றை ஓடவைத்தவர்களிடம் கணினி இருக்கவில்லை. நீளமான ஸ்குறூட்றைவரின் நுனியை இரும்பில் வைத்து, பிடியைக் காதோடு வைத்துப் பழுதைப் பிடித்தார்கள். இங்கேயுள்ள ஒட்டோமற்றிக் வாகனத்துக்கும் அந்த வழி செல்லும். சுழலும் பெல்ற்றுக்குக் கிட்ட மட்டும் கையையோ சட்டையையோ கொண்டுபோக வேண்டாம்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். சத்தம் எஞ்சினின் வேகத்தோடு கூடிக் குறைகிறதா, சில்லின் வேகத்தோடு கூடிக் குறைகிறதா?

வாகனத்தைச் சமதரையில் நிறுத்துங்கள். கைபிரேக்கை இழுத்து, கியரைப் பார்க்கில் வைத்து, எஞ்சினை ஓடவிட்டு அக்ஸிலறேற்றரை மெல்ல அழுத்துங்கள். நிற்கும்போதே ஊளையிடுவது போன்ற சத்தம் வந்து எஞ்சினோடு ஏறி இறங்கினால் சில்லும் ரயரும் தப்பிவிட்டன. அது கியர்பெட்டியின் ஒயில் பம்பாக இருக்கலாம். ஒயில் குறைந்தாலும் பில்ற்றர் அடைபட்டாலும் பம்ப் அப்படித்தான் அழும். ஆனால் ஸ்ரியறிங் பம்பும் அதே குரலில் அழக்கூடியது. நின்றபடியே ஸ்ரியறிங்கை இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். திருப்பும்போது சத்தம் கூடினால் கியர்பெட்டியை விட்டுவிட்டு ஸ்ரியறிங் ஒயிலைப் பாருங்கள்.

நிற்கும்போது அமைதி, ஓடும்போது உறுமல் என்றால் ஆட்கள் குறைந்த தெருவில் 40 மைல் வேகத்தில் போய் அக்ஸிலறேற்றரிலிருந்து காலை எடுங்கள். எஞ்சினின் சுற்று உடனே விழும். வாகனத்தின் வேகம் மெல்லத்தான் குறையும். உறுமலும் மெல்லக் குறைந்தால் அது சில்லோடு சேர்ந்த சத்தம். பிறகு பெரிய வளைவொன்றில் கவனியுங்கள். இடப்பக்கம் வளையும்போது பாரம் வலச்சில்லில் விழும். அப்போது உறுமல் கூடினால் வலப்பக்கப் பெயாரிங்கில் சந்தேகம் வைக்கலாம். வெறும் வாகனத் தரிப்பிடத்தில் ஸ்ரியறிங்கை முழுக்கத் திருப்பி மெல்ல ஓடும்போது "டக் டக்" என்று கேட்டால் முன்சில்லுக்குப் போகும் அச்சின் மூட்டு தேய்ந்திருக்கிறது. எந்த வளைவிலும் மாறாத உறுமலுக்கு ரயரின் தேய்மானத்தையும் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் டிப்பிறென்ஷியலாக இருக்கலாம். முன்சில்லு இழுக்கும் வாகனங்களில் அது கியர்பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

பார்க்கிலிருந்து ரிவேர்ஸுக்கு மாற்றும்போது "தடக்" என்று அடித்தால் எஞ்சினைத் தாங்கும் றப்பர் மவுண்ட் ஒன்று உடைந்திருக்கலாம். பெரும்பாலும் கியர்பெட்டியைப் பழி சொல்லும் சத்தம் இது.

இன்னொன்று சத்தமும் நடுக்கமும் சேர்ந்தது. 40, 45 மைல் வேகத்தில், நெடுஞ்சாலை ஓரத்துப் பள்ளக் கீறல்களில் ஏறியது போல வாகனம் சில விநாடி அதிரும். அப்போது இடக்காலால் பிரேக்கைப் பட்டும் படாமலும் தொடுங்கள் (பின்னால் வாகனம் இல்லாதபோது மட்டும்). பிரேக் விளக்கு எரிகிற அளவு போதும். அந்தக் கணமே அதிர்வு நின்றால் டோர்க் கொன்வேர்ட்டரின் பூட்டுக் கிளச்சில் பிரச்சினை. ஒயில் பழசானதால் வந்ததென்றால் ஒயில் மாற்றுவதோடு சில வேளை அது தீர்ந்துவிடும்.

ஒயில் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வரவேண்டாம். நியூ ஜேர்சியில் 1949இலிருந்து பெற்றோலை நாங்களே அடிக்கச் சட்டம் விடுவதில்லை. அதனால் பொனற்றைத் திறந்தே பாராமல் வருடக்கணக்காக ஓடுகிறவர்கள் இங்கே நிறைய. பழைய ஹொண்டாக்களில் எஞ்சின் சூடானதும் நிறுத்தி, ஓரிரு நிமிடத்துக்குள் ஒயில் கம்பியைப் பார்க்க வேண்டும். பழைய ரொயோட்டாக்களில் பெரும்பாலும் எஞ்சின் ஓடும்போதே பார்ப்பது. உங்கள் கைநூல் சொல்வதையே கேளுங்கள். பிந்திய மொடல்கள் பலவற்றில் கம்பியே இல்லை. ஒயில் சிவப்பாக இருந்தால் நல்லது. கறுத்துக் கருகல் மணம் வீசினால் உள்ளே கிளச் எரிகிறது. பால் விட்ட தேநீர் போலக் கலங்கியிருந்தால் றேடியேற்றர் தண்ணீர் கலந்துவிட்டது. உடனே ஓட்டத்தை நிறுத்துங்கள். கையில் இரும்புத் துகள் மினுங்கினால் பற்களோ பெயாரிங்கோ அரைபடுகின்றன. ஒயிலைக் கூட்டுவதானால் கைநூலில் பெயர் சொல்லப்பட்ட ஒயில்தான். எல்லா வாகனத்துக்கும் பொருந்தும் என்று எழுதிய மலிவுப் போத்தல்களை நான் நம்புவதில்லை.

உண்மையிலேயே கியர்பெட்டிப் பழுதென்றால் தாமதம் கூடாது. 2004 ஏப்ரலில் ஹொண்டா நிறுவனம் ஏறத்தாழ 11 இலட்சம் வாகனங்களைத் திருத்தத்துக்குத் திருப்பி அழைத்தது. 2002 முதல் 2004 வரையான ஒடிசி வான்கள், 2003, 2004 பைலட், அதே ஆண்டுகளின் ஆறு சிலிண்டர் அக்கோர்ட், சில அக்கியூரா வகைகள் அதில் அடங்கின. சில நிலைமைகளில் இரண்டாம் கியர் அளவுக்கு மீறிச் சூடாகிப் பற்கள் உடையலாம், கியர்பெட்டி ஓட்டத்திலேயே இறுகிப் பூட்டிக்கொள்ளலாம் என்பதே காரணம். ரேண்பைக்கில் 65 மைலில் அப்படிப் பூட்டிக்கொண்டால் என்னவாகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. 15,000 மைலுக்குக் குறைவாக ஓடியவற்றில் அந்தக் கியருக்கு ஒயில் பாய்ச்சும் சிறு குழாயைப் பூட்டினார்கள். கூட ஓடியவற்றில் கியர் சூட்டில் நிறம் மாறியிருக்கிறதா என்று பார்த்து, மாறியிருந்தால் கியர்பெட்டியையே மாற்றினார்கள். பழைய வாகனம் வாங்குகிறவர்கள் அதன் 17 எழுத்து-இலக்க அடையாளத்தைத் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இணையப் பக்கத்தில் இலவசமாகத் தேடலாம். செய்யாமல் விட்ட திருத்தம் ஏதும் இருக்கிறதா என்று அதில் தெரியவரும்.

"இன்ஸ்பெக்ஷன் பாஸ், ஸ்ரிக்கர் இருக்கிறது" என்று சொல்லி விற்பவரை அந்த ஒரு சொல்லுக்காக நம்ப வேண்டாம். 2010 ஓகஸ்டிலிருந்து நியூ ஜேர்சியில் சாதாரண கார்களுக்கு நடப்பது புகைப் பரிசோதனை மட்டுமே. கியர்பெட்டியை யாரும் பார்ப்பதில்லை.

கராஜுக்குப் போகும்போது "சத்தம் வருகிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த வேகத்தில், எந்தக் கியரில், சூடான பிறகா குளிரிலா, நேரோட்டத்திலா வளைவிலா என்று நாலு வரி எழுதிக் கொண்டுபோங்கள். ஆங்கிலம் தடக்கினால் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள். மெக்கானிக்கைப் பக்கத்தில் இருத்தி ஓட்டிக் காட்டுங்கள். வேலை தொடங்க முன் செலவு மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். கழற்றும் பழைய பாகங்கள் வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். இவை இரண்டுக்கும் நியூ ஜேர்சி நுகர்வோர் விதிகளில் இடமிருக்கிறது. பல ஆயிரம் டொலர் என்றால் கியர்பெட்டி வேலை மட்டும் செய்கிற இன்னொரு இடத்திலும் காட்டுங்கள்.

கியர் வழுக்கினாலோ, ஓட்டத்தில் ஒருமுறை இறுகிப் பிடித்தாலோ கராஜ் மட்டும் மெல்ல ஓட்டிப் போவோம் என்று நினைக்க வேண்டாம். நாலு சில்லும் நிலத்தில் படாமல் ஏற்றிப்போகும் தட்டையான லொறியைக் கூப்பிடுங்கள்.