இதய மேலறை நடுக்கம்

இதய மேலறை நடுக்கம் என்பது இதயத்தின் மேலறைகள் இரண்டும் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல், மிக விரைவாகவும் ஒருங்கிணைப்பு இன்றியும் நடுங்குவதால் ஏற்படும் துடிப்புச் சீர்கேடு ஆகும். மருத்துவர்கள் இதனை ஏட்ரியல் ஃபிப்ரிலேசன் என்றும், சுருக்கமாக ஏ.எஃப். என்றும் குறிப்பிடுவர். நீடித்து நிற்கும் துடிப்புச் சீர்கேடுகளுள் உலகில் மிகப் பரவலாகக் காணப்படுவது இதுவே. இந்நோயில் அஞ்சத்தக்கது மேலறையில் உறையும் குருதி மூளைக்குச் சென்று ஏற்படுத்தும் பக்கவாதம் ஆகும். ஆகவே தமக்குரிய உறைவெதிர்ப்பு மருந்து எது என்பதை அறிந்து, அதனை இடைவிடாது உட்கொள்வதே இந்நோயுடன் வாழ்வதன் மையக் கூறாக உள்ளது.

இயல்பான துடிப்பும் நடுக்கமும்

இதயத்தில் மேலறைகள் இரண்டும் கீழறைகள் இரண்டும் உள்ளன. வலது மேலறையில் அமைந்த சைனஸ் கணு நிமிடத்திற்கு ஏறத்தாழ 60 முதல் 100 முறை மின் தூண்டலை எழுப்புகிறது. இத்தூண்டல் மேலறைகளில் பரவி, இடைக்கணு வழியாகக் கீழறைகளை அடைகிறது. மேலறை நடுக்கத்தில் சைனஸ் கணுவின் ஆளுகை மறைந்து, மேலறைத் தசைகளில் நிமிடத்திற்கு 350 முதல் 600 வரையிலான ஒழுங்கற்ற மின்னலைகள் சுழல்கின்றன. இடைக்கணு ஒரு வடிகட்டி போல் செயற்பட்டு இவற்றுள் ஒரு பகுதியை மட்டுமே கீழே விடுகிறது. எனினும் எது கடக்கும், எது தடைபடும் என்பதில் ஒழுங்கு இல்லாமையால் நாடித்துடிப்பு தாறுமாறாக அமைகிறது.

மேலறைகள் முழுமையாகச் சுருங்காததால் அங்கே குருதி தேங்குகிறது. இடது மேலறையுடன் ஒட்டியுள்ள சிறு பை போன்ற இதயச் செவி என்னும் பகுதியில் உறைகட்டிகள் பெரும்பாலும் தோன்றுகின்றன. அங்கிருந்து பெயரும் கட்டி மூளையின் தமனியை அடைத்தால் பக்கவாதமும், கை, கால், குடல் ஆகியவற்றின் தமனிகளை அடைத்தால் அவ்வுறுப்புகளில் திசு அழிவும் ஏற்படுகின்றன.

காரணங்கள்

முதுமை, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, உடற்பருமன், மாரடைப்புக்குப் பிந்தைய இதயப் பலவீனம், தைராய்டு மிகைச் சுரப்பு, உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், மது ஆகியன முதன்மையான காரணங்கள் ஆகும்.

இந்தியாவில் இவற்றுடன் ருமாட்டிக் காய்ச்சலும் பெரும் பங்கு வகிக்கிறது. சிறு வயதில் ஸ்ட்ரெப்டோகாக்கசு நுண்ணுயிரியால் வரும் தொண்டை அழற்சியைத் தொடர்ந்து தோன்றும் இக்காய்ச்சல், மூட்டுகளில் வீக்கத்தை ஏற்படுத்தி மறைந்துவிடும். ஆனால் இதயத்தின் மிட்ரல் வால்வைத் தடிக்கச் செய்து, பல ஆண்டுகளில் அதன் வாயைச் சுருக்கிவிடக் கூடும். குருதி எளிதில் வெளியேற இயலாமல் இடது மேலறை விரிவடைய, நடுக்கம் தொடங்குகிறது. 46 நாடுகளில் அவசரப் பிரிவுக்கு வந்த மேலறை நடுக்க நோயாளிகள் 15,000-க்கும் மேற்பட்டோரைப் பதிவு செய்து 2014-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ருமாட்டிக் இதய நோய் உடையோர் வட அமெரிக்காவில் 2.2 விழுக்காடும், இந்தியாவில் 31.5 விழுக்காடும் இருந்தனர். மேலை நாடுகளில் பெரும்பாலும் முதியோர் நோயாக அறியப்படும் இது, இங்கு முப்பது, நாற்பது வயதினரிடமும் காணப்படுவதற்கு இதுவே காரணம். மருந்துத் தெரிவும் இதனால் வேறுபடுகிறது.

அறிகுறிகளும் கண்டறிதலும்

படபடப்பு, மூச்சிரைப்பு, சோர்வு, தலைச்சுற்றல், நெஞ்சில் இறுக்கம் ஆகியன பொதுவான அறிகுறிகள். பலருக்கு எந்த அறிகுறியும் தோன்றுவதில்லை. பக்கவாதம் வந்த பின்னரே நோய் தெரிய வருவதும் உண்டு. மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து நாடியை ஒரு நிமிடம் முழுமையாக எண்ணினால் துடிப்புகளுக்கு இடையேயான இடைவெளி மாறி மாறி இருப்பதை உணரலாம். 15 நொடிகள் எண்ணி நான்கால் பெருக்குவது இந்நோயில் பிழையான கணக்கைத் தரும். இ.சி.ஜி. எனப்படும் இதய மின்வரைவே நோயை உறுதி செய்கிறது. 1906-இல் நெதர்லாந்தின் வில்லெம் ஐந்தோவன் இந்நடுக்கத்தின் மின்வரைவை வெளியிட்டார். வால்வின் நிலையை அறிய எக்கோ பரிசோதனையும், தைராய்டு, சிறுநீரகச் செயற்பாடு ஆகியவற்றுக்கான குருதிப் பரிசோதனைகளும் செய்யப்படுகின்றன.

பக்கவாத இடரை மதிப்பிடல்

வால்வுப் பழுது இல்லாதவர்களுக்கு, மருந்து தேவையா என்பதைச் சாட்ஸ்-வாஸ்க் என்னும் புள்ளி முறை கொண்டு மருத்துவர் முடிவு செய்கிறார். இதயச் செயலிழப்பு, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, தமனி நோய், 65 முதல் 74 வரையிலான வயது ஆகியவற்றுக்கு ஒவ்வொரு புள்ளியும், 75 வயதுக்கும் முன்னர் வந்த பக்கவாதத்திற்கும் இரண்டிரண்டு புள்ளிகளும் உண்டு. பெண்பாலுக்கு அளிக்கப்பட்டு வந்த ஒரு புள்ளியை 2024-ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டுதல் நீக்கியது. எடுத்துக்காட்டாக, இரத்த அழுத்தமும் நீரிழிவும் உடைய 68 வயதினர் ஒருவருக்கு மூன்று புள்ளிகள் கிடைக்கும். அவருக்கு உறைவெதிர்ப்பு மருந்து தேவை. மிட்ரல் வால்வுச் சுருக்கம் மிதமாகவோ கடுமையாகவோ உள்ளவர்களுக்கு இக்கணக்கு பொருந்தாது. வயது எதுவாயினும் அவர்களுக்கு மருந்து தேவை.

நடுக்கம் விட்டு விட்டு வந்தாலும், நிலையாக இருந்தாலும் இம்மதிப்பீடு ஒன்றே. படபடப்பு நின்றுவிட்டது என்பது மருந்தை நிறுத்துவதற்குக் காரணம் ஆகாது.

உறைவெதிர்ப்பு மருந்துகள்

வார்ஃபரின், அசெனோகூமரால் ஆகியன வைட்டமின் கே-யின் செயலைத் தடுப்பவை. கெட்டுப்போன தீவனப் புல்லைத் தின்ற கால்நடைகள் குருதி கசிந்து இறந்ததை ஆராய்ந்ததன் வழியே வார்ஃபரின் உருவானது. 1948-இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்த இது, 1954-இல் அமெரிக்காவில் மனிதருக்கான மருந்தாக ஏற்கப்பட்டது. சரியான அளவில் உட்கொண்டால் பக்கவாத இடரை ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு குறைக்கிறது. ஆஸ்பிரின் இதற்கு ஈடாகாது.

இதன் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் ஐ.என்.ஆர். என்னும் குருதிப் பரிசோதனை தேவைப்படுகிறது. மேலறை நடுக்கத்தில் இம்மதிப்பு பொதுவாக 2-க்கும் 3-க்கும் இடையே இருத்தல் வேண்டும். 2-க்குக் கீழ் சென்றால் உறைவும், 3-க்கு மேல் உயர உயரக் குருதிக்கசிவும் அச்சுறுத்தும். செயற்கை உலோக வால்வு பொருத்தப்பட்டவர்களுக்கு இலக்கு இதனினும் கூடுதலாக இருக்கலாம். தென்னிந்தியரிடம் வார்ஃபரின் அளவை எம்மரபணு வேறுபாடுகள் தீர்மானிக்கின்றன என்பது குறித்துப் புதுச்சேரி ஜிப்மர் ஆய்வாளர்கள் 2014-இல் ஆய்வு வெளியிட்டுள்ளனர். ஒருவரின் அளவை மற்றொருவர் பின்பற்றலாகாது என்பதற்கு இம்மரபணு வேறுபாடும் ஒரு காரணம்.

டாபிகாட்ரான், ரிவராக்சபான், அபிக்சபான் முதலிய புதிய மருந்துகளுக்கு ஐ.என்.ஆர். பரிசோதனை தேவையில்லை. சிறுநீரகச் செயற்பாட்டை அவ்வப்போது பார்த்தல் வேண்டும். வால்வுப் பழுது இல்லாதவர்களுக்கு இவையே இன்று முதல் தெரிவாக உள்ளன. ஆயினும் இவற்றின் செயல் ஏறத்தாழ ஒரு நாளிலேயே தேய்ந்துவிடுவதால் வேளை தவறுதல் ஆபத்தானது.

இப்புதிய மருந்துகள் எல்லோருக்கும் உரியன அல்ல. ருமாட்டிக் இதய நோயுடன் மேலறை நடுக்கம் உடைய 4,500-க்கும் மேற்பட்டோரிடம், 24 நாடுகளில் நடத்தப்பட்ட இன்விக்டஸ் ஆய்வின் முடிவுகள் 2022-இல் வெளியாயின. ரிவராக்சபான் உட்கொண்டவர்களைவிட, வைட்டமின் கே எதிர்ப்பு மருந்து உட்கொண்டவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. உலோக வால்வு உடையோருக்கும் புதிய மருந்துகள் பொருந்தா. எனவே பரிசோதனைத் தொல்லை இல்லை என்பதற்காக, வால்வுச் சுருக்கம் உடைய ஒருவர் தாமாக மருந்தை மாற்றிக் கொள்ளக் கூடாது.

துடிப்பைக் கட்டுப்படுத்தல்

உறைவெதிர்ப்புடன் இரண்டு வழிமுறைகள் கையாளப்படுகின்றன. முதலாவது வேகக் கட்டுப்பாடு: மெட்டோப்ரோலால், டில்டியசெம், டிகாக்சின் ஆகிய மருந்துகள் இடைக்கணுவின் வழியே கடக்கும் தூண்டல்களைக் குறைக்கின்றன. ஓய்வில் துடிப்பு நிமிடத்திற்கு 110-க்குக் குறைவாக இருப்பது பலருக்குப் போதுமானது என 2010-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு காட்டியது.

இரண்டாவது சீராக்கல்: அமியோடரோன் போன்ற மருந்து, மின்னதிர்வுச் சிகிச்சை, வடிகுழாய் வழிச் சுடுதல் ஆகியவற்றால் இயல்புத் துடிப்பு மீட்கப்படுகிறது. நுரையீரல் சிரைகளின் வாயிலிலிருந்து கிளம்பும் தூண்டல்களே பலருக்கு நடுக்கத்தைத் தொடங்குகின்றன என்று 1998-இல் பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் கண்டறிந்தது சுடுதல் முறைக்கு வழிகோலியது. துடிப்பு சீரான பின்னரும் இடர்ப் புள்ளிகள் உள்ளவர்கள் உறைவெதிர்ப்பு மருந்தைத் தொடர வேண்டும்.

அன்றாட வாழ்வு

* மாத்திரையை நாள்தோறும் ஒரே நேரத்தில் உட்கொண்டு நாட்காட்டியில் குறித்தல் நன்று. வார்ஃபரினை ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் இரட்டிப்பாக உட்கொள்ளலாகாது.
* முருங்கைக்கீரை, பசலை முதலிய கீரைகளில் வைட்டமின் கே மிகுதி. வார்ஃபரின் உட்கொள்வோர் கீரையை விலக்க வேண்டியதில்லை. வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் உண்டால் போதும். பல நாட்கள் உண்ணாதிருந்து திடீரென மிகுதியாக உண்பதே மதிப்பைக் குலைக்கும்.
* மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் ஆகியன வயிற்றில் குருதிக்கசிவை ஏற்படுத்தக் கூடும். மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல், ஃப்ளூகோனசோல் ஆகியன ஐ.என்.ஆர். மதிப்பை உயர்த்தும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் அதனைப் பெரிதும் தாழ்த்தும். நாட்டு மருந்துகளைத் தொடங்கும் முன்னரும் மருத்துவரிடம் கூறுதல் வேண்டும்.
* ஊசி போடும்போதும் பல் பிடுங்கும்போதும் இம்மருந்து உட்கொள்வதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். தாமாக மருந்தை நிறுத்துதல் கூடாது.
* வார்ஃபரின் கருவைப் பாதிக்கும். ஆகவே வால்வு நோயுடைய பெண்கள் கருத்தரிக்கத் திட்டமிடும் முன்பே மருத்துவரைக் காணுதல் இன்றியமையாதது.
* எடைக் குறைப்பு, மதுவை விலக்குதல், இரத்த அழுத்தக் கட்டுப்பாடு ஆகியன நடுக்கம் மீண்டும் வருவதைக் குறைக்கின்றன.

கடலூர் மாவட்டச் சூழல்

மேற்கூறிய நெறிகள் யாவர்க்கும் பொதுவானவை எனினும், சிற்றூரில் வாழ்வோருக்குத் தொலைவும் பருவமும் கூடுதல் தடைகள் ஆகின்றன. சிதம்பரத்திற்கு அருகிலுள்ள குமராட்சி ஒன்றியம் கொள்ளிடத்தை ஒட்டிய நெல் விளையும் பகுதி. இத்தகைய ஊர்களில் உள்ளோர் ஐ.என்.ஆர். பரிசோதனைக்குப் பெரும்பாலும் நகரத்தையே நாட வேண்டியுள்ளது. அதற்காக ஒரு நாள் கூலியை இழக்கவும் நேரிடுகிறது. நடவு, அறுவடைக் காலங்களில் பரிசோதனை தள்ளிப்போவது இதனாலேயே. மதிப்பு நிலைபெற்றவர்கள் எத்தனை வாரங்களுக்கு ஒருமுறை வந்தால் போதும் என்பதை மருத்துவரிடம் கேட்டு, வேலை நெருக்கடிக்கு முன்னதாகவே தேதியைக் குறித்துக் கொள்ளலாம். அரிவாள் வெட்டுக் காயத்தில் குருதி எளிதில் நிற்காது என்பதால் தூய துணியால் பத்து நிமிடங்கள் இடைவிடாது அழுத்திப் பிடித்தல் வேண்டும்.

அண்ணாமலைநகரில் 1985-இல் தொடங்கப்பட்ட ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி 2021-இல் தமிழ்நாடு அரசால் ஏற்கப்பட்டு, கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாகச் செயற்படுகிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகள் வீடு தேடி வழங்கப்படுகின்றன. அவற்றை ஒழுங்காக உட்கொள்வதும் மேலறை நடுக்கச் சிகிச்சையின் பகுதியே. எனினும் உறைவெதிர்ப்பு மருந்தும் அவ்வாறே வரும் என்று காத்திருத்தல் கூடாது.

2015 இறுதியில் கடலூர் மாவட்டமும், 2018 ஆகஸ்டில் கொள்ளிடக் கரையோர ஊர்களும் வெள்ளத்தால் சூழப்பட்டன. பருவமழைக்கு முன்னரே கூடுதலாக இரு வாரங்களுக்கான மாத்திரைகளையும் சிகிச்சைக் குறிப்பேட்டையும் நீர் புகாத உறையில் வைத்திருத்தல் பயனுள்ள முன்னேற்பாடு ஆகும்.

தடுப்பு

ருமாட்டிக் காய்ச்சல் வந்த சிறார்க்கு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பென்சாத்தின் பெனிசிலின் ஊசி பல ஆண்டுகள் போடப்படுகிறது. வலி மறைந்தது எனக் கருதி இதனை இடையில் நிறுத்தினால் காய்ச்சல் மீண்டும் மீண்டும் வந்து வால்வைச் சிதைக்கும்.

உடனடி மருத்துவ உதவி தேவைப்படும் நிலைகள்

முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை அல்லது கால் செயலிழத்தல், பேச்சுக் குழறல் ஆகியன பக்கவாதத்தின் அறிகுறிகள். உறைகட்டியைக் கரைக்கும் ஊசி முதல் நான்கரை மணி நேரத்திற்குள் மட்டுமே பொதுவாக அளிக்கப்படுகிறது. ஆகவே தாமதமின்றி 108 ஆம்புலன்சை அழைத்தல் வேண்டும். நோயாளி உட்கொள்ளும் உறைவெதிர்ப்பு மருந்தின் பெயரையும், கடைசியாக உட்கொண்ட நேரத்தையும் உடன் செல்வோர் தெரிவிக்க வேண்டும். கருநிற மலம், நிற்காத மூக்குக் குருதி, தலையில் அடிபடுதல், மயக்கம், ஓய்விலும் மூச்சுத்திணறல் ஆகியவற்றுக்கும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

இக்கட்டுரை பொதுத் தகவலுக்கானது. மருந்தின் அளவைத் தீர்மானிக்க மருத்துவரையே அணுகவும்.