கார்ட் சூடானால் முதலில் வீட்டைப் பாருங்கள்

விளையாடிக்கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டர் திக்கித் திக்கி ஓடுகிறது. விசிறி ஊரையே கூட்டுகிற மாதிரி இரைகிறது. பிள்ளை சொல்லும் தீர்வு ஒன்றுதான்: "அப்பா, புது கிராபிக்ஸ் கார்ட் வேணும்." எங்கள் தீர்வும் ஒன்றுதான்: "விளையாடினது காணும், நிப்பாட்டு." மென்பொருள் வேலை செய்கிறவன் என்பதால் இந்த வழக்கைத் தீர்க்கக் கன வீடுகளுக்குப் போயிருக்கிறேன். அநேகமாக இரண்டுமே தேவைப்படுவதில்லை.

கிராபிக்ஸ் கார்ட் சூடாவது அதன் இயல்பு. ஆர்டிஎக்ஸ் 3070 முழு வேகத்தில் 220 வாட் இழுக்கும். இழுத்த மின்சாரம் எல்லாம் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். விளையாடும்போது 65 முதல் 80 பாகை வரை காட்டினால் பயமில்லை. அந்தக் கார்டுக்கு என்விடியா தந்திருக்கும் உச்ச வரம்பு 93 பாகை. சூடு மிஞ்சினால் கார்ட் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். திக்கல் பெரும்பாலும் அதனால்தான். சூட்டைப் பார்க்க விண்டோஸின் டாஸ்க் மேனேஜரே போதும்: பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஜிபியூவைத் தொடுங்கள்.

மார்க்கத்தில் இருக்கும் அக்கா வீட்டில் 88 காட்டியது. கம்ப்யூட்டர் இருந்தது பேஸ்மென்டில், இரண்டாவது குசினிக்குப் பக்கத்துச் சுவரோடு. மீன் பொரிப்பதும் வடை சுடுவதும் அங்கேதான். பெட்டிக்கு மேலே தூசி படாமல் இருக்க அம்மா ஒரு பூவேலைத் துணி விரித்திருந்தார், ஊரில் ரிவிக்குப் போடுவாரே, அதே மாதிரி. சூடான காற்று வெளியேறும் துவாரமே அந்தத் துணிக்குக் கீழேதான்!

பக்க மூடியைக் கழற்றிவிட்டு 10 நிமிடம் விளையாடச் சொன்னேன். 9 பாகை இறங்கியது. "மாமா, அப்ப கார்ட் பிழையில்லையா?" என்றான் மருமகன். பிழை காற்றோட்டத்தில். மூடியைத் திறந்ததும் சூடு நன்றாக இறங்கினால் அதுதான் அர்த்தம்.

மின் இணைப்பைப் பிடுங்கி, பெட்டியை கராஜுக்குக் கொண்டுபோய், காற்று டப்பாவால் ஊதினோம். ஊதும்போது விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அதன் தாங்கி பழுதாகலாம். வீட்டு வாக்குவம் வேண்டாம், நிலைமின்சாரம் பாகங்களைக் கெடுக்கக்கூடும். எங்கள் சமையல் வீடுகளில் இன்னொரு சிக்கல்: எண்ணெய்ப் புகை படிந்த தூசி காற்றுக்கு அசையாது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய தூரிகையால் விசிறி இதழ்களை ஒவ்வொன்றாகத் துடைத்தோம். ஒரு மணி நேரம் போனது, அவன் சலிக்கவில்லை. நன்றாகக் காய்ந்த பிறகு குசினியிலிருந்து தள்ளி, சுவரோடு ஒட்டாமல், கார்ப்பெட்டில் அல்லாமல் ஒரு பலகைமேல் வைத்தோம். 76.

இன்னும் குறைக்கலாம். திரை நொடிக்கு 60 படம்தான் காட்டும் என்றால் கார்ட் 200 படம் வரைவது வீண் வேலை. என்விடியா கன்ட்ரோல் பேனலில் அதற்கு ஒரு வரம்பு வைக்கலாம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளில் பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்கினால் சூடும் இரைச்சலும் தெளிவாகக் குறையும், விளையாட்டின் வேகத்தில் போவது கொஞ்சம்தான். என்னைக் கேட்டால் பதின்வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் முதல் நாளே இதைச் செய்துவிடலாம்.

இத்தனைக்குப் பிறகும் இறங்காவிட்டால், சில வருடம் ஓடிய கார்டில் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். அதை மாற்றக் கார்டைப் பிரிக்கவேண்டும், ஆகவே முதலில் வாரன்டி இருக்கிறதா என்று பாருங்கள். சும்மா இருக்கும்போது விசிறி சுற்றாததைக் கண்டு பதற வேண்டாம், பல கார்டுகள் சூடு ஏறிய பிறகே விசிறியை இயக்கும். விளையாடும்போதும் சுற்றவில்லை என்றால் விசிறியை மட்டும் மாற்ற முடியுமா என்று கடையில் கேளுங்கள். சூடு சாதாரணமாக இருந்தும் கம்ப்யூட்டர் பொத்தென்று நின்றால் பவர் சப்ளையையும் பார்க்கச் சொல்லுங்கள்.