பிக்கப் டிரக் வாங்கப் போறீங்களா? பம்பர், டயர் மாற்றும் முன் ஆர்.சி.யை ஒருமுறை பாருங்க!

முன்னால் ஐந்து பேர் உட்காரலாம். பின்னால் திறந்த லோடு பாடி. வார நாளில் தோட்டத்துக்கு, வார இறுதியில் மலைக்கு. ‘ஒரே வண்டியில ரெண்டு வேலை’ என்பதுதான் டபுள் கேபின் பிக்கப் மீதான ஆசைக்குக் காரணம்.

இசுஸுவின் வி-கிராஸ் 2016-ல் இந்தியாவில் அறிமுகமானது. சென்னையை ஒட்டியுள்ள ஆந்திராவின் ஸ்ரீசிட்டி ஆலையில் தயாராகிறது. 2022-ல் டொயோட்டா ஹைலக்ஸ் வந்தது. வாங்கியவர்களில் பலர் அடுத்து போய் நிற்கும் இடம், பம்பரும் பெரிய டயரும் மாட்டித் தரும் கடை.

அங்கேதான் சிக்கல் ஆரம்பம். இந்த வண்டியில் எவ்வளவு ஏற்றலாம், எதை மாற்றலாம், எதற்கு ஓட்டலாம் என்ற மூன்று கேள்விக்கும் பதில் ஆர்.சி.யில் இருக்கிறது. அதைப் பார்க்காமல் செலவு செய்தால் என்ன ஆகும்?

வெள்ளை போர்டா, மஞ்சள் போர்டா?

சொந்த உபயோகத்துக்கு என்று பதிவானால் வெள்ளை போர்டு. சரக்கு வாகனமாகப் பதிவானால் மஞ்சள் போர்டு. எந்த மாடலை எப்படிப் பதிய முடியும் என்பதை புக்கிங் பணம் கட்டும் முன்பே ஷோரூமிலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் கேட்டுக்கொள்வது நல்லது.

மஞ்சள் போர்டு என்றால் முதல் 8 ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். வெள்ளை போர்டுக்கு 15 ஆண்டுக்குப் பிறகுதான் ஆர்.சி. புதுப்பிக்கும் வேலை வரும்.

அதனால் ‘வெள்ளை போர்டு எடுத்துட்டு அப்பப்ப வாடகைக்கு ஓட்டிக்கலாம்’ என்று நினைப்பவர்கள் உண்டு. இது ஆபத்தான கணக்கு. சொந்த உபயோக பாலிசியில் வாடகை ஓட்டத்துக்கு கவர் கிடையாது. வாடகை லோடோடு விபத்து நடந்தால் க்ளைம் நிராகரிக்கப்படலாம்.

லைசென்ஸ் பற்றி கவலை வேண்டாம். காருக்கான எல்.எம்.வி. லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வாகனங்களையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தெளிவுபடுத்திவிட்டது.

எவ்வளவு ஏற்றலாம்? இதோ கணக்கு

ஆர்.சி.யில் இரண்டு எடைகள் இருக்கும். ஒன்று வண்டியின் காலி எடை. இன்னொன்று ஆள், லோடு எல்லாம் சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றக்கூடிய அளவு.

உதாரணத்துக்கு, மொத்த எடை 2,900 கிலோ, காலி எடை 2,100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மீதி 800 கிலோ. ஆளுக்கு 70 கிலோ வீதம் ஐந்து பேர் ஏறினால் 350 கிலோ போச்சு. மிச்சம் 450. இப்போது ஸ்டீல் பம்பர், வின்ச், பின்பக்கக் கூண்டு, கேரியர் என்று 200 கிலோவுக்கு மாட்டினால்? மிஞ்சுவது 250 கிலோ. அதாவது ஐந்து சிமெண்ட் மூட்டை!

லோடு ஏற்றத்தான் பிக்கப் வாங்கினோம். ஆனால் மாட்டிய இரும்பே லோடு ஆகிவிட்டது.

‘பின்னால ரெண்டு பட்டை சேர்த்துப் போட்டா கூட ஏத்தலாம்’ என்பது பட்டறைப் பேச்சு. ஸ்பிரிங் பட்டை கூடினால் வண்டி தாழாமல் நிற்கும், அவ்வளவுதான். பிரேக்கும் அச்சும் பழையவைதான். ஆர்.சி.யில் உள்ள எடையும் மாறாது. சரக்கு வாகனம் ஓவர்லோடில் பிடிபட்டால் 20,000 ரூபாய் அபராதம், அதற்கு மேல் கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய்.

எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது?

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 சொல்வது இதுதான்: தயாரிப்பு நிறுவனம் குறிப்பிட்டு, ஆர்.சி.யில் பதிவான விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

* பம்பருக்கு முன் கம்பி (புல் பார்): கூடாது. நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோதலின் வேகத்தை கம்பி நேராக சேஸிஸுக்குக் கடத்தும். ஏர்பேக் சரியான நேரத்தில் விரியாமல் போகலாம். எதிரே நடந்து வருபவருக்கும் காயம் அதிகம்.
* பெரிய டயர்: அதே மாடலின் வேறு வேரியன்டுக்கு கம்பெனி தரும் அளவு வரை போவது பாதுகாப்பு. அதைத் தாண்டினால் ஸ்பீடோமீட்டர் குறைவாகக் காட்டும், பிரேக் பிடிக்கும் தூரம் கூடும், மைலேஜ் குறையும்.
* உயரம் கூட்டுவது: வண்டி உயர உயர வளைவில் கவிழும் வாய்ப்பும் உயரும்.
* நிறம்: மாற்றலாம். ஆனால் ஆர்.டி.ஓ.விடம் சொல்லி ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும்.
* லோடு பாடி லைனர், கழற்றி மாட்டும் மூடி, மேட்: பொதுவாகப் பிரச்சினை இல்லை. நிரந்தரமாகப் பொருத்தும் கூண்டு என்றால் முதலில் ஆர்.டி.ஓ.வில் கேளுங்கள்.

எதை மாட்டினாலும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பாலிசியில் சேர்த்துவிடுங்கள். சொல்லாமல் மாட்டியது விபத்துக்குப் பிறகு சர்வேயர் கண்ணில் பட்டால், க்ளைமுக்கே சிக்கல்.

தினமும் ஓட்ட முடியுமா?

முடியும். ஆனால் ஹைலக்ஸின் நீளம் 5.3 மீட்டர். 4 மீட்டருக்குள் அடங்கும் சின்ன கார் நிற்கும் இடத்தில் இது நிற்காது. முதலில் வீட்டு பார்க்கிங்கை டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

லோடு இல்லாதபோது பின்பக்கம் தூக்கிப் போடும். லோடு தாங்குவதற்காக அமைத்த ஸ்பிரிங் அது, கோளாறு இல்லை. மழையில் காலி வண்டியின் பின் சக்கரம் எளிதில் வழுக்கும். வளைவில் வேகம் குறைவது நல்லது. டெஸ்ட் டிரைவின்போது வீட்டில் உள்ளவர்களை பின் சீட்டில் உட்கார வைத்துப் பாருங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறீர்களா?

வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். சேஸிஸில் வெல்டிங் தடம், புதிதாக அடித்த பெயின்ட், துரு இருந்தால் யோசியுங்கள். ஃபோர் வீல் டிரைவ் என்றால் ஹை, லோ இரண்டையும் போட்டு ஓட்டிப் பாருங்கள். லோடு பாடியின் தரை நெளிந்திருந்தால், வண்டி கனமாக உழைத்திருக்கிறது என்று அர்த்தம்.

பேப்பரில் பார்க்க வேண்டியவை: நிலுவை இ-சலான், வங்கிக் கடன் முடிந்திருந்தால் ஃபார்ம் 35, வெளிமாநில வண்டி என்றால் என்.ஓ.சி. பெயர் மாற்றத்துக்கு 30 நாளுக்குள்ளும், இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள்ளும் விண்ணப்பிக்க வேண்டும்.

முக்கியமாக, முந்தைய ஓனர் மாட்டிய பம்பரும் டயரும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பெயர் மாறிய பிறகு, அந்த வண்டியை நிறுத்தும் போலீசுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் பழைய ஓனர் இல்லை, நீங்கள்தான்.