ஈயத்தின் தசமபாகம்

யோசேப்பு பட்லர் என்னும் பெயரை இறையியல் மாணவர் யாவரும் அறிவர். 1736ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய ‘மதத்தின் ஒப்புமை’ என்ற நூல் இன்றும் பாடத்திட்டங்களில் குறிப்பிடப்படுகிறது. ஆயின் அந்நூலின் ஆசிரியர் 1725 முதல் 1740 வரை எச்சேகரத்தின் குருவாயிருந்தார், அச்சேகரத்தின் வருவாய் எங்கிருந்து வந்தது என்பவற்றைப் பாடநூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. அச்சேகரம் இங்கிலாந்தின் வடபகுதியில், டர்ஹாம் மாவட்டத்து மேற்கு மலைகளிடையே அமைந்த ஸ்டான்ஹோப். அதன் செல்வம் காரீயம்.

பென்னைன் மலைத்தொடரின் இப்பகுதி, உயரம் கூடக்கூட மரங்களற்ற புதர்வெளியாக மாறுகிறது. ஈரமான கரிமண், ஹெதர் என்னும் ஊதாப்பூச் செடி, ஆடுகள், கற்சுவர்கள், இடைவிடாத காற்று. இவற்றின் அடியில் சுண்ணாம்புப் பாறைப் பிளவுகளில் காரீயத் தாது செங்குத்தான நரம்புகளாக ஓடுகிறது. பண்டைய சுரங்கத்தார் மலைச்சரிவின் மேல் அணைகட்டி நீரைத் தேக்கி, திடீரெனத் திறந்துவிட்டு மண்ணை அரித்துத் தாதினைத் தேடினர். அவ்வாறு கிழிபட்ட பள்ளங்கள் வியர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இன்றும் கண்ணுக்குப் புலனாகின்றன.

கனிம உரிமை டர்ஹாம் பேராயருடையது. அவரிடம் குத்தகை பெற்ற பிளாக்கெட் குடும்பத்தினரும் அவர்களுக்குப்பின் போமோன்ட் குடும்பத்தினரும் சுரங்கங்களை நடத்தினர். வெட்டியெடுத்த தாதில் ஸ்டான்ஹோப் சேகர குருவுக்குத் தசமபாகம் உண்டு. விளைச்சலில் பத்தில் ஒன்று என்ற வேதாகம முறை, இங்கே பாறையின் விளைச்சலுக்கும் பொருந்திற்று! இதனால் இங்கிலாந்தின் மிகச் செழிப்பான சேகரங்களுள் ஒன்றாக அது விளங்கியது. 1820இல் அதனைப் பெற்ற ஹென்றி ஃபில்பாட்ஸ், 1830இல் எக்ஸிட்டர் பேராயராக நியமிக்கப்பட்டபோது ஸ்டான்ஹோப்பையும் தம்மிடமே வைத்துக்கொள்ள விரும்பினார். பேராயப் பதவியைவிட ஒரு மலைச்சேகரம் வருவாயில் மேலானதாயிருந்தது என்பதைச் சற்றுச் சிந்திக்க வேண்டும். கடும் எதிர்ப்பு எழவே, அதற்கு ஈடாக டர்ஹாம் பேராலயத்தில் ஒரு பதவி அவருக்கு அளிக்கப்பட்டது.

தாதினை வெட்டியவன் நிலை என்ன? சுரங்கத் தொழிலாளி தினக்கூலிக்காரன் அல்லன். நால்வர் அல்லது அதற்கு மேற்பட்டோர் ஒரு கூட்டாகச் சேர்ந்து, மூன்று மாதங்களுக்கொருமுறை நிறுவன முகவரிடம் பேரம் பேசுவர். எட்டு ஹன்ட்ரட்வெயிட், அதாவது ஏறத்தாழ 400 கிலோ, கொண்டது ஒரு ‘பிங்’. ஒரு பிங் தாதுக்கு இன்ன விலை என்று முடிவாகும். மெழுகுவர்த்தி, வெடிமருந்து, கருவி தீட்டும் செலவு யாவும் கழிக்கப்படும். மாதந்தோறும் ஒரு சிறு முன்பணம். முழுக்கணக்கு ஆண்டுக்கு ஒருமுறை. நரம்பு வளமாயின் இலாபம். வறண்டதாயின் முன்பணமே கடனாகும். பேரம் என்ற சொல் இருவர் சமநிலையில் நிற்பதாக எண்ணச் செய்யும். ஆனால் பாறைக்குள் என்ன உள்ளதென்பதை ஒருவரும் அறியார். அந்த அறியாமையின் சுமை மட்டும் ஒருபக்கமே விழுந்தது.

தொலைவிலிருந்து வந்தோர் வாரநாட்களில் சுரங்கத்தருகே ‘ஷாப்’ என்ற விடுதியில் தங்கினர். பெயர் கடையெனினும் அங்கே விற்பனை ஏதுமில்லை. ஒரே கட்டிலில் பலர், சுற்றிலும் உலராத ஆடைகள். சிறுவர் வெளியே குளிர்நீரில் தாது கழுவினர். கல்தூசும் வெடிப்புகையும் நுரையீரலை அரித்தன. கின்னெர்டு பிரபுவின் தலைமையிலான ஆணையம் 1864இல் வெளியிட்ட அறிக்கையில் இத்துன்பங்கள் பதிவாகியுள்ளன.

1818ஆம் ஆண்டு நிகழ்ந்த கலகத்தை இப்பின்னணியிலேயே நோக்க வேண்டும். காரீய விலை வீழ்ந்து பசி மிகுந்த காலம் அது. தொழிலாளர் மலைவெளியில் பேராயரின் கவுதாரியினப் பறவைகளை வேட்டையாடினர். அவர்களுள் சிலரைப் பிடித்து ஸ்டான்ஹோப்பிற்குக் கொண்டுவந்த பேராயரின் ஆட்களை மற்றத் தொழிலாளர் ஒரு விடுதியில் தாக்கி, சிறைப்பட்டோரை விடுவித்தனர். மலையின் கீழிருந்த தாதும் மேலே பறந்த பறவையும் ஒரே திருச்சபை அதிகாரியின் உடைமையாயிருந்தன.

இதே பள்ளத்தாக்கில்தான் மெதடிஸ்ட்டு இயக்கம் ஆழமாக வேரூன்றிற்று. ஜான் உவெஸ்லி இங்குப் பலமுறை வந்து பிரசங்கித்தார். ஐர்ஷோப்பர்ன் என்னும் சிற்றூரில் 1760இல் ஹை ஹவுஸ் சிற்றாலயம் எழுந்தது. 1820களில் ஆதிநிலை மெதடிஸ்ட்டுகளின் எழுப்புதல் பரவிற்று. தசமபாகத்தின்மேல் கொண்ட வெறுப்பே இதற்குக் காரணம் எனல் மிகையாகும். சேகர ஆலயத்தின் தொலைவு, பிரசங்கத்தின் எளிமை முதலியவையும் உண்டு. எனினும் ஒன்றைக் கூறலாம். நால்வர் ஐவராய்ச் சேர்ந்து ஆபத்தையும் ஊதியத்தையும் பகிர்ந்தவர்களுக்கு, சிறுகுழுவாகக் கூடி ஒருவர் ஆத்தும நிலையை மற்றவர் விசாரிக்கும் வகுப்புக் கூட்டம் புதிதன்று. வாரநாளில் பாறை உடைத்தவன் ஞாயிறன்று பிரசங்கியாக நின்றான். எண்ணும் எழுத்தும் கற்கவும், பொதுவில் பேசவும், கணக்கு வைக்கவும் அவனுக்கு அங்கே வாய்ப்புக் கிடைத்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயின் முதலிய நாடுகளின் மலிவான காரீயம் சந்தையை நிரப்பிற்று. 1880களில் பெருநிறுவனங்கள் விலகின. குடும்பங்கள் டர்ஹாமின் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் கடல்கடந்தும் சென்றன. கில்ஹோப் சுரங்கம் 1910இல் மூடப்பட்டது. பத்து மீட்டர் விட்டமுள்ள அதன் நீர்ச்சக்கரம் பின்னர்ச் சீரமைக்கப்பட்டது. ஹை ஹவுஸில் வாராந்தர ஆராதனை இப்போது இல்லை. காரீயம் கலந்த கழிவுக்குவியல்களில் பெரும்பாலான செடிகள் தழைப்பதில்லை. நஞ்சைத் தாங்கவல்ல வெண்ணிறச் சிறுபூக்கள் கோடையில் அங்கே பூக்கின்றன.