முப்பத்தாறாயிரம் கடற்பயணங்கள்

அமெரிக்க அடிமை முறை என்றதும் பருத்திக்காடுதான் கண்முன் வருகிறது. சினிமாவும் நாவலும் நம்மை அப்படிப் பழக்கியிருக்கின்றன. ஆப்பிரிக்காவில் கப்பலேற்றப்பட்டவர்களில் எத்தனை பேர் இன்றைய அமெரிக்க ஐக்கிய நாட்டின் கரையில் இறக்கப்பட்டார்கள் என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் என்று பலரும் சொல்லக்கூடும். உண்மையில் அது நான்கு லட்சத்துக்கும் குறைவு. பிரேசிலில் இறக்கப்பட்டவர்களோ ஏறக்குறைய 48 லட்சம் பேர். இந்த விடையை ஆசிரியர் சொல்லித்தான் மாணவர் அறிய வேண்டும் என்றில்லை. ‘ஸ்லேவ் வாயேஜஸ்’ இணையதளத்தில் நாட்டையும் காலத்தையும் தேர்ந்தெடுத்தால் போதும், அவரே கண்டுபிடித்துவிடலாம்.

1500-களின் தொடக்கத்திலிருந்து 1860-கள் வரை அட்லாண்டிக் கடலில் நடந்த 36,000-க்கும் மேற்பட்ட அடிமைக் கப்பல் பயணங்கள் அதில் இருக்கின்றன. பயணத்துக்கு ஒரு வரி. கப்பலின் பெயர், தலைவன், முதலாளி, புறப்பட்ட துறைமுகம், ஆட்களை ஏற்றிய இடம், ஏறியவர்கள் எத்தனை, உயிரோடு இறங்கியவர்கள் எத்தனை என்று கட்டம் கட்டமாக விவரங்கள்.

இது ஒருவர் செய்த வேலை இல்லை. 1960-களின் கடைசியிலிருந்து பல நாட்டு ஆய்வாளர்கள், ஆளுக்கொரு துறைமுகத்தின் அல்லது காலத்தின் பழைய ஏடுகளைப் படித்துத் தனித்தனியே பட்டியல் போட்டு வந்தார்கள். 1990-இல் லண்டன் ஆவணக் காப்பகத்தில் டேவிட் எல்டிஸும் ஸ்டீபன் பெஹ்ரெண்டும் தற்செயலாகச் சந்தித்தார்கள். ஒருவர் பிரிட்டிஷ் அடிமை வணிகத்தின் முற்பகுதியையும் மற்றவர் பிற்பகுதியையும் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். எல்லாப் பட்டியல்களையும் ஒன்றாக்கிவிடலாமே என்ற எண்ணம் அங்கேதான் வலுப்பட்டது.

ஒன்றாக்குவதுதான் கடினமான வேலை. ஒரே பயணம் இங்கிலாந்தின் சுங்க ஏட்டிலும் இருக்கும், ஜமைக்காவின் செய்தித்தாளிலும் இருக்கும். ஒன்றில் கப்பல் பெயரின் எழுத்து மாறியிருக்கும், இன்னொன்றில் தேதி தள்ளிப் போயிருக்கும். இரண்டும் ஒன்றே என்று தெரியாமல் சேர்த்தால் நடக்காத ஒரு பயணம் வரலாற்றில் நுழைந்துவிடும். இப்படிச் சலித்துச் சேர்த்த 27,000-க்கும் மேற்பட்ட பயணங்கள் 1999-இல் குறுந்தகடாக வெளிவந்தன. போர்த்துகீசிய, ஸ்பானிய ஆவணங்களிலிருந்து விடுபட்டவற்றையும் சேர்த்து 2008-இல் எமரி பல்கலைக்கழகத்தின் வழியாக இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். புதிய ஆவணம் கையில் இருப்பவர் அதை அனுப்பலாம். சரிபார்த்துச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

பல பாடப்புத்தகங்களில் ஒரு முக்கோணப் படம் உண்டு: ஐரோப்பாவிலிருந்து சரக்கு ஆப்பிரிக்காவுக்கு, அங்கிருந்து மனிதர்கள் அமெரிக்காவுக்கு, அங்கிருந்து சர்க்கரை ஐரோப்பாவுக்கு. பயணங்களை வரைபடத்தில் ஓடவிட்டால் அந்தப் படம் பாதிதான் சரி என்பது தெரியும். வட அட்லாண்டிக்கில் காற்றும் நீரோட்டமும் கடிகார முள் சுற்றும் திசையில் சுழல்கின்றன; தென் அட்லாண்டிக்கில் அதற்கு நேரெதிர். வடக்கே பாய்மரக் கப்பல்கள் முக்கோணமாக ஓடின. தெற்கே ரியோ டி ஜெனிரோவிலும் பாஹியாவிலும் கிளம்பிய கப்பல்கள் கரும்புச் சாராயமும் புகையிலையும் ஏற்றிக்கொண்டு நேரே ஆப்பிரிக்காவுக்குப் போய், ஆட்களோடு நேரே திரும்பின. ஐரோப்பாவைத் தொடவே இல்லை. ஐரோப்பாவின் எந்தத் துறைமுகத்துக் கப்பல்களையும்விட அதிகமான ஆட்களை ஏற்றிச் சென்றவை ரியோவிலிருந்து கிளம்பிய கப்பல்கள்தான். ஒரு வணிகத்தின் வடிவத்தைக் காற்றும் சேர்ந்து தீர்மானித்திருக்கிறது என்று பதினைந்து வயதில் தானே கண்டுகொள்ளும் மாணவர் அதை மறக்கமாட்டார் என்றே நம்புகிறேன்.

அட்டவணையின் காலிக் கட்டங்களும் பாடம்தான். பல வரிகளில் ஏறியவர் எண்ணிக்கை இல்லை. அதே காலத்தில் அதே வழியில் போன கப்பல்களை வைத்து ஆய்வாளர்கள் அதைக் கணிக்கிறார்கள். ஆவணத்தில் கிடைத்த எண்ணையும் கணித்த எண்ணையும் கலக்காமல் தனித்தனியாகக் காட்டுகிறார்கள். மொத்தம் 1.25 கோடிப் பேர் ஏற்றப்பட்டார்கள், 1.07 கோடிப் பேர் இறங்கினார்கள் என்பது அப்படி வந்த கணிப்பு. இடையில் இல்லாமல் போனவர்கள் 18 லட்சம் பேர்.

ஆனால் எண்ணிக்கை மனதை மரத்துப்போகச் செய்யும். இந்த ஏடுகளில் பெரும்பாலானவை விற்றவன் எழுதியவை, அல்லது அவனிடம் வரி வாங்கியவன் எழுதியவை. ஆசிரியர் ஒரு வரியில் நின்றாக வேண்டும். 1781-இல் லிவர்பூல் வணிகர்களின் ‘சோங்’ கப்பல் அக்ராவிலிருந்து 442 பேரோடு கிளம்பியது. ஜமைக்காவில் இறங்கியவர்கள் 208 பேர். குறைந்த எண்ணிக்கைக்கு நோய்தான் காரணம் என்று எண்ணத் தோன்றும். 1783-இல் நடந்த காப்பீட்டு வழக்கின் ஆவணத்தைப் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் மீதி தெரியும். தண்ணீர் போதாது என்று சொல்லி 130-க்கும் மேற்பட்டவர்களை மாலுமிகள் உயிரோடு கடலில் எறிந்தார்கள். முதலாளிகள் அவர்களைத் தொலைந்த சரக்காகக் கணக்குக் காட்டி இழப்பீடு கேட்டார்கள். அட்டவணையிலிருந்து ஆவணத்துக்கு மாணவரைக் கூட்டிப்போகாத வகுப்பு வெறும் கணக்கு வகுப்பாகவே முடிந்துபோகும்.

பெயர்கள் கிடைத்த இடமும் உண்டு. அடிமை வணிகம் தடைசெய்யப்பட்ட பின், 19-ஆம் நூற்றாண்டில் ரோந்துக் கப்பல்கள் பிடித்த அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்டவர்களின் பெயர், வயது, உயரம், உடல் அடையாளம் ஆகியவற்றை ஃப்ரீடவுனிலும் ஹவானாவிலும் இருந்த நீதிமன்றங்கள் பதிந்துவைத்தன. அப்படி 91,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. எழுத்தர்கள் தம் காதில் விழுந்தபடி எழுதியவை அவை. அவற்றை ஒலிவடிவில் கேட்கவிட்டு, எந்த மொழிப் பெயர் என்று ஆப்பிரிக்க மொழிகள் தெரிந்த பொதுமக்களிடமே ஆய்வாளர்கள் உதவி கேட்டார்கள். பேராசிரியருக்குத் தெரியாதது ஒரு பாட்டிக்குத் தெரிந்திருக்கலாம்.

எனக்கு மிகப் பெரிதாகத் தோன்றுவது கலகங்களின் கணக்கு. பத்துப் பயணங்களில் ஒன்றிலாவது அடைக்கப்பட்டவர்கள் எழுந்து போராடியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். பெரும்பாலான கலகங்கள் ஒடுக்கப்பட்டன. ஆனாலும் அந்தப் பயத்தால் ஒவ்வொரு கப்பலிலும் கூடுதல் மாலுமி, ஆயுதம், தடுப்புச்சுவர் என்று செலவு ஏறியது, லாபம் குறைந்தது, பயணங்களும் குறைந்தன. அப்படிக் கப்பலேற்றப்படாமல் தப்பியவர்கள் சுமார் பத்து லட்சம் பேர் என்று பெஹ்ரெண்ட், எல்டிஸ், இன்னொரு ஆய்வாளரான ரிச்சர்ட்சன் மூவரும் கணித்திருக்கிறார்கள். நடுக்கடலில் தோற்றுச் செத்தவர்கள், தாங்கள் பார்த்தேயிராத இத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கிறார்கள். தனித்தனி ஏடுகள் ஒன்று சேர்ந்த பிறகே இந்தக் கணக்கைப் போட முடிந்தது.