அடிக்காத சுத்தியல், தூளாகாத மரம்: வெனீர் அதிசயம் தெரியுமா?

ஓர் அங்குலக் கனமுள்ள வால்நட் கட்டையை 0.6 மில்லிமீட்டர் கனத்தில் கத்தியால் சீவினால் ஏறக்குறைய 40 தாள்கள் கிடைக்கும், தெரியுமா? ரம்பம் போட்டால் பாதி மரம் தூளாகிவிடும். கத்திச் சீவலில் தூளே இல்லை! இந்த மெல்லிய மரத்தாள்தான் வெனீர். அடுத்தடுத்து வந்த இரு தாள்களைப் புத்தகம்போல் விரித்தால் இடப்பக்க ரேகை அச்சுப் பிசகாமல் வலப்பக்கத்திலும் ஓடும்.

‘வெனீரா, ஏமாற்று வேலை’ என்று உதட்டைப் பிதுக்குபவர்கள் கவனிக்க: நல்ல மரம் அரிதான பண்டைய எகிப்தில் கருங்காலி தெற்கிலிருந்து வந்தாக வேண்டும். அதில் ஒரு சிராயை வீணாக்க மனம் வருமா? 1922-இல் கண்டெடுத்த துட்டன்காமன் கல்லறையில் கருங்காலியும் தந்தமும் மெல்லிய தகடுகளாக ஒட்டிய பெட்டிகள் இருந்தன. அரசனுக்கே வெனீர்தான்! வெர்சாய் அரண்மனையில் பதினைந்தாம் லூயியின் மேசையும் அப்படியே. ஓபென் என்ற தச்சர் 1760-இல் தொடங்கியதை ரீசனர் என்ற தச்சர் 1769-இல் முடித்தார்.

வெனீரை ஒட்டும் சுத்தியல் அடிக்கவே அடிக்காது, தெரியுமா? தோலைக் காய்ச்சி எடுத்த வஜ்ஜிரத்தைச் சுடுநீர்ச் சட்டிக்குள் வைத்து 60 டிகிரி அளவில் இளக்கி, பலகையில் தடவி, தாளைப் பரப்புவார்கள். பிறகு அகன்ற அலகுள்ள அந்தச் சுத்தியலை நடுவிலிருந்து ஓரத்துக்கு வளைத்து வளைத்து அழுத்தித் தள்ளுவார்கள். மிகுந்த பசை பிதுங்கி வெளியேறும். சூடு தணியத் தணிய மிச்சப் பசை கெட்டிப்பட்டுத் தாளைக் கவ்விக்கொள்ளும். பிடிமானக் கருவி ஒன்றுகூட வேண்டாம்! இரு தாள்கள் சேருமிடத்திலோ இன்னும் அழகு: ஒன்றன்மேல் ஒன்றைச் சற்றே ஏற்றி, இரண்டையும் ஒரே வெட்டாக வெட்டிக் கழிவை உருவிவிட்டால் இணைப்பு கண்ணுக்கே தெரியாது. என்னைக் கேட்டால் தச்சுக்கலையின் மிக நேர்த்தியான வெட்டு இதுதான்.

ஒட்டாத இடத்தை நகம் கண்டுபிடிக்கும், தெரியுமா? தட்டிப் பார்த்தால் அங்கே பொள்ளல் சத்தம் வரும். பலகையின் மறுபக்கமும் வெனீர் கேட்கும். ஒருபக்கம் மட்டும் ஒட்டினால், பசை உலர்ந்து சுருங்கும்போது பலகையையே வளைத்துவிடும்.

ஆனாலும் வஜ்ஜிரத்தின் பெருங்குணம் பழுதுபார்க்கும்போதுதான் தெரியும். ஈரத்துணியும் இளஞ்சூட்டு இஸ்திரிப்பெட்டியும் போதும்: 200 ஆண்டுப் பழைய பசையும் இளகி, தாள் உடையாமல் கழன்று வரும், பழுது நீக்கி மறுபடி ஒட்டலாம்.