ஒன்பதாம் வகுப்பில் நிறுத்தப்படும் மாணவர்கள்

புது தில்லி: மார்ச் மாதத்தின் கடைசி நாள்களில் தலைநகரின் அரசுப் பள்ளி வாசல்களில் பெற்றோர் கூட்டத்தைக் காணலாம். ஒரே கட்டடத்தில் காலையில் மாணவிகளுக்கும் பிற்பகலில் மாணவர்களுக்கும் வகுப்பு நடக்கும் பள்ளிகள் இங்கே ஏராளம். ஆகவே அந்நாள்களில் காலை முதல் மாலை வரை வாசலில் ஆள் நடமாட்டம் ஓய்வதில்லை. ஏப்ரல் 1-ஆம் தேதி புதிய கல்வியாண்டு பிறக்கும். அதற்கு முன்பு சொல்லியாக வேண்டிய செய்திகளையெல்லாம் பள்ளி நிர்வாகம் அந்தச் சில நாள்களில் சொல்லி முடித்துவிடுகிறது. பாடநூல் வழங்கும் நாள், மாற்றுச் சான்றிதழ் பெறும் நேரம், மே மாதத்தில் தொடங்கும் கோடை விடுமுறை என்று அறிவிப்புப் பலகை நிரம்பி வழிகிறது. பெற்றோரின் கண்கள் தேடுவதோ ஒன்பதாம் வகுப்புத் தேர்ச்சிப் பட்டியலை.

தனியார் பள்ளிகளில் ஆண்டு இறுதிச் செய்தி என்றால் அது பெரும்பாலும் கட்டண உயர்வுதான். அந்தக் கூச்சல் பெரிதாகி, கட்டணத்தை ஒழுங்குபடுத்தும் சட்டமொன்றை தில்லி சட்டப்பேரவை 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. நடுத்தர வர்க்கத்தின் குரல் எப்போதும் உரக்கக் கேட்கும். அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் தோற்ற மாணவனின் தந்தை போராட்டம் நடத்துவதில்லை. பட்டியலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறார்.

எத்தனை தந்தையர் அப்படித் திரும்பினர் என்பது தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுப்பப்பட்ட கேள்வியால்தான் வெளியே தெரிந்தது. தில்லி அரசுப் பள்ளிகளில் 2023-24 கல்வியாண்டில் ஒன்பதாம் வகுப்பில் தேர்ச்சி பெறாதோர் 1,01,331 பேர். அதற்கு முந்தைய ஆண்டில் 88,409 பேர். பதினோராம் வகுப்பிலும் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானோர் தேறவில்லை. இதே 2024-ஆம் ஆண்டில் பத்தாம் வகுப்பு வாரியத் தேர்வில் தில்லி அரசுப் பள்ளிகள் பெற்ற தேர்ச்சி விகிதம் 94 சதவீதத்துக்கும் மேல். விகிதம் தலைப்புச் செய்தியானது. ஒரு லட்சம் பேரின் கணக்கைக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது.

இந்த இரு எண்களும் எப்படி அருகருகே வந்து அமர்ந்தன என்பதற்குச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும். 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் அதே வகுப்பில் நிறுத்தி வைக்கக் கூடாது என்றது. அதையொட்டிய காலத்தில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியமும் (சிபிஎஸ்இ) பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வைக் கட்டாயமற்றதாக்கி, தொடர் மதிப்பீட்டு முறையைக் கொண்டுவந்தது. சட்டத்தின் நோக்கம் நல்லதே. ஆனால் குழந்தையைத் தேர்ச்சி பெறச் செய்வது எளிது. அதற்குப் படிக்கக் கற்றுத் தருவது அவ்வளவு எளிதன்று. 2016-இல் தில்லி அரசே நடத்திய ஆய்வில், ஆறாம் வகுப்பு மாணவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேரால் தங்கள் இந்திப் பாடநூலின் ஒரு பத்தியைக்கூடப் படிக்க முடியவில்லை. தாய்மொழி பெரும்பாலும் இந்தியாக இருக்கும் ஊரில் இந்த நிலை!

அப்படிப்பட்ட மாணவன் எட்டாம் வகுப்புவரை தடையின்றி வந்துவிடுகிறான். ஒன்பதாம் வகுப்பில் கணிதம், அறிவியல், சமூக அறிவியல், ஆங்கிலம் எல்லாம் ஒன்றாக நின்று வழிமறிக்கின்றன. ஆண்டு இறுதியில் பொதுவான வினாத்தாள். எட்டு ஆண்டுகளின் பாக்கியை ஒரே ஆண்டில் தீர்க்கும் பொறுப்பு ஒன்பதாம் வகுப்பு ஆசிரியரின் தலையில் விழுகிறது. வகுப்பறைக்கு வெளியே தேர்தல் பணி, கணக்கெடுப்புப் பணி என்று அவருக்கு வேறு வேலைகளும் உண்டு.

2016-இல் அரவிந்த் கேஜரிவால் அரசு 'சுனௌதி' என்ற பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. சுனௌதி என்றால் சவால். படிக்கும் திறனை வைத்து மாணவர்கள் குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒன்பதாம் வகுப்பில் மீண்டும் மீண்டும் தோற்றவர்களின் குழுவுக்கு வைக்கப்பட்ட பெயர் 'விஸ்வாஸ்', அதாவது நம்பிக்கை. அந்த நம்பிக்கைக் குழுவினர் வழக்கமான பள்ளித் தேர்வு முறையிலிருந்து விலக்கப்பட்டு, 'பத்ராசார்' எனும் அஞ்சல்வழிப் பள்ளியின் மூலம் பத்தாம் வகுப்புத் தேர்வெழுத அனுப்பப்பட்டனர். பிற்பாடு தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்துக்கு அவர்கள் திருப்பிவிடப்பட்டனர். இதில் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. திறந்தநிலைப் பள்ளியில் பதிவு செய்த மாணவன் சிபிஎஸ்இ தேர்வர் அல்லன். அவன் வென்றாலும் தோற்றாலும் அந்தப் பள்ளியின் வாரியத் தேர்ச்சி விகிதம் ஒரு புள்ளிகூட அசையாது.

பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு 2018-இல் மீண்டும் கட்டாயமானபோது தில்லி அரசுப் பள்ளிகளின் தேர்ச்சி விகிதம் 69.32 சதவீதமாகச் சரிந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அது 92 சதவீதத்துக்கும் மேல் இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. அந்தச் சரிவு அரசுக்குப் பெரும் தலைக்குனிவு. அதன்பின் விகிதம் படிப்படியாக ஏறியது. ஏற்றத்தில் நல்ல கற்பித்தலின் பங்கு எவ்வளவு, ஒன்பதாம் வகுப்பில் நடந்த வடிகட்டலின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் புள்ளிவிவரத்தை எந்த அரசும் ஆண்டுதோறும் முன்வந்து வெளியிட்டதில்லை. 2025 சட்டப்பேரவைத் தேர்தல் பிரசாரத்தில் இக்குற்றச்சாட்டை எழுப்பியவர் பிரதமர் மோடி. தேர்ச்சி உறுதி என்று தெரிந்த மாணவர்களை மட்டுமே ஒன்பதாம் வகுப்புக்கு மேல் விடுகிறார்கள் என்று அவர் சாடினார். அந்தத் தேர்தலில் ஆம் ஆத்மி கட்சி தோற்றது. பாஜக ஆட்சிக்கு வந்தது. பழைய அரசைக் குறைகூறக் கையாண்ட அதே அளவுகோலைத் தன் ஆட்சிக்கும் பாஜக வைத்துக்கொள்கிறதா என்பதை இனி வரும் மார்ச் மாதங்களில் பார்க்கலாம்.

மறுபக்க நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். படிக்கத் தெரியாத மாணவனைப் பத்தாம் வகுப்புக்கு அனுப்பினால் அங்கே அவன் தோற்கப் போகிறான்; ஓராண்டு கூடுதலாகப் படிக்கட்டுமே என்னும் ஆசிரியரின் வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. உடனடியாக மறுதேர்வு வாய்ப்பும் தரப்படுகிறது. ஆனால் நிறுத்தி வைக்கப்படும் மாணவனுக்கு அந்த ஓராண்டில் என்ன கிடைக்கிறது? அதே பாடநூல், பெரும்பாலும் அதே ஆசிரியர், பக்கத்தில் வயதில் இளைய மாணவர்கள். கிடைக்காதது அடிப்படை எழுத்தறிவுப் பயிற்சி.

சட்டமும் அவனுக்குத் துணையில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு 6 முதல் 14 வயது வரை, எட்டாம் வகுப்பு வரை மட்டுமே. ஒன்பதாம் வகுப்பு மாணவனுக்கு வயது பதினான்கைத் தொட்டிருக்கும் அல்லது தாண்டியிருக்கும். உரிமை முடியும் இடத்தில் வடிகட்டல் தொடங்குகிறது. பதினெட்டு வயது வரை அனைவருக்கும் கல்வி என்று 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை பேசியது. கொள்கை என்பது சட்டமன்று.

வடிகட்டல் இப்போது கீழ்வகுப்புக்கும் இறங்கிவிட்டது. ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு நிறுத்தி வைக்கும் முறை வேண்டும் என்று 2016-இலேயே முன்னாள் அமைச்சரவைச் செயலர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் தலைமையிலான குழு பரிந்துரைத்தது. 2019-இல் சட்டம் திருத்தப்பட்டு, ஐந்து, எட்டாம் வகுப்புகளில் தேர்வு நடத்தி நிறுத்தி வைக்கும் அதிகாரம் வழங்கப்பட்டது. அதைப் பயன்படுத்திய தில்லியில் 2023-24-இல் எட்டாம் வகுப்பில் 46,622 பேர் தேறவில்லை. 2024 டிசம்பரில் கேந்திரிய வித்யாலயம், நவோதயா உள்ளிட்ட மத்திய அரசுப் பள்ளிகளுக்கும் இந்த விதி வந்தது. தமிழகம் இதை ஏற்கவில்லை. எட்டாம் வகுப்பு வரை கட்டாயத் தேர்ச்சி தொடரும் என்று பள்ளிக் கல்வி அமைச்சராக இருந்த அன்பில் மகேஸ் பொய்யாமொழி அப்போதே அறிவித்தார். 1976-இல் 42-ஆவது திருத்தத்தின் மூலம் கல்வி பொதுப் பட்டியலுக்குப் போன பிறகும் மாநிலங்களுக்கு எஞ்சியிருக்கும் உரிமைகளில் இதுவும் ஒன்று. எனினும் தமிழகத்திலேயே இயங்கும் கேந்திரிய வித்யாலயத்துக் குழந்தைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. தெருவின் ஒரு பக்கத்தில் ஒரு விதி, எதிர்ப்பக்கத்தில் வேறொன்று.

இதற்கிடையே பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு ஒரு சலுகை வந்திருக்கிறது. 2026 முதல் சிபிஎஸ்இ பொதுத் தேர்வு ஆண்டுக்கு இருமுறை. பிப்ரவரியில் எழுதியவர்கள் மூன்று பாடங்கள் வரை மே மாதத்தில் மீண்டும் எழுதி மதிப்பெண்ணை உயர்த்திக் கொள்ளலாம். ஆனால் முதல் தேர்வில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பாடங்களை எழுதாமல் விட்டவருக்கு மே மாதத் தேர்வில் இடமில்லை. ஒற்றை நாளின் பதற்றத்தைக் குறைக்கும் நல்ல ஏற்பாடுதான். ஆயினும் அது பத்தாம் வகுப்பை எட்டியவர்களுக்கானது.

தில்லி அரசு செய்யக்கூடிய எளிய காரியம் ஒன்று உண்டு. மே மாதத்தில் தேர்ச்சி விகிதத்தை வெளியிடும்போது, அந்த மாணவர்களோடு ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதியவர்கள் எத்தனை பேர், திறந்தநிலைப் பள்ளிக்கு அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று பள்ளிவாரியாக ஒரே தாளில் தந்துவிடலாம். பதிவேடுகள் எல்லாம் கல்வி இயக்ககத்தின் கையில்தான் இருக்கின்றன. புதிதாகக் கணக்கெடுக்க வேண்டியதில்லை, செலவும் இல்லை. சுமார் 1,050 அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுக்களில் உட்காரும் பெற்றோருக்காவது அந்தத் தாள் கிடைக்க வேண்டும். மார்ச் மாதக் கடைசியில் அறிவிப்புப் பலகை முன்னால் நிற்பவர்கள் அவர்கள்தாமே.